தொட்டிச் சுறாவுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

ஓசூரில் சுறா வளர்த்தார்கள் என்று சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தவள்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் பூரா பஸ்ஸில் உட்கார்ந்து மெட்ராஸ் போக வேண்டிய ஊர் இது. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பு ஹாலில், சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு சுறாக்களை விட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து மெஷின் விற்க வருகிறவன் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். அந்த இரண்டில் ஒன்றுக்கு மூக்கில் வெள்ளை பூத்தது. அது என்ன வெள்ளை என்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் கண்டுபிடித்த லட்சணத்தைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல். மீதி யார் மேல் என்று போகப் போகத் தெரியும்.

நான் சுறா டாக்டர் இல்லை. மாட்டு டாக்டர்கூட இல்லை. தாவரவியல் படித்துவிட்டு, ஓசூரில் ஒருத்தர் சொந்தமாக நடத்திய பட்டுப்புழு முட்டை சென்டரில் மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலையில் இருந்தேன். தாய்ப்பூச்சி முட்டை போட்டு முடித்ததும் அதை நசுக்கி, ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய் வித்து தெரிந்தால் அந்தத் தாய் போட்ட முட்டை முழுக்க நெருப்புக்குப் போகும். தெரியாவிட்டால் விவசாயிக்குப் போகும். காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வேன். இதற்கு நடுவே விவசாயிகள் செத்த புழுவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார்கள். "மேடம், இது என்ன சீக்குன்னு சொல்லுங்க" என்று நிற்பார்கள்.

சுண்ணக்கட்டு என்று ஒரு நோய் உண்டு. பூசணம் பிடித்துப் புழு செத்து, உடம்பு விறைத்து, சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகிவிடும். தொட்டால் மாவு பறக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் அது எங்கள் பக்கத்துப் புழு வீடுகளை ஒரு கை பார்த்துவிடும். அந்த மாவை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். பார்த்துப் பார்த்து, வெள்ளையாக எது தெரிந்தாலும் சட்டென்று சுண்ணக்கட்டு என்று சொல்லுகிற கண் வந்துவிட்டது. அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், கருமம்.

எங்கள் முதலாளியும், அந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பது நிறுத்துவது எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீசரும் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். நடக்கிற வழியில் பேச்சு வந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த கால்நடை டாக்டர், மாட்டுக்கு என்றால் சொல்லுவேன், இதுக்குத் தெரியாது என்று யோக்கியமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். உடனே எங்கள் முதலாளி, "எங்க லேப்ல ஒரு பொண்ணு இருக்கு, பூசணம்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்" என்று பெருமை அடித்துவிட்டார். மறுநாள் சென்டர் வாசலில் கம்பெனி கார் வந்து நின்றது. எனக்குக் கார் அனுப்பினார்கள்! தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போகிறவளுக்குக் கார் என்றால் சும்மாவா? தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

ஹாலுக்குள் நுழைந்ததும் குளிர் அடித்தது. ஓசூரே குளிர்ந்த ஊர், அதில் ஏசி வேறு. தொட்டியின் அடியில் இரண்டு சுறாவும் மணலில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தன. பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. கை நீளம்தான் இருக்கும், பழுப்பு உடம்பு, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. ஒன்றுக்கு மூக்கு நுனியிலிருந்து கண் வரைக்கும் வெள்ளை அப்பியிருந்தது. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் சதை கரைந்திருந்தது. மூச்சு இழுப்பதே அதற்குக் கஷ்டமாக இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது எனக்கு.

மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் பக்கத்தில் நின்று தொட்டியைப் பற்றி ஒரு மெஷினைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். "ரெண்டு பம்ப், ஒரு ஃபில்டர், டெய்லி உப்பு செக் பண்றோம். சிஸ்டம் பக்கா மேடம். இது வெளியிலேர்ந்து வந்த ப்ராப்ளம்." நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். அதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. ஹால் பெருக்கித் துடைக்கக் கான்ட்ராக்டில் வந்தவள். சுறா வந்த பிறகு தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது, செத்த மீன் துண்டைப் பொறுக்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. சுறாவைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றேன். அவ்வளவு பெரிய கம்பெனியில் ஒருத்தர் முன்னால் வரவில்லை. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறி, தொட்டிக்குள் இறங்கி, ஈரத்துணியில் சுற்றி அதைத் தூக்கினாள். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"மொதல்ல மூக்கோரத்துல அரிசி அளவு இருந்துச்சு மேடம். நான் அப்பவே சொன்னேன். யாரும் காதுல வாங்கல" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் புண்ணின் ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி எடுத்தேன். அவள் பயப்படாமல் பிடித்திருக்க வேண்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்றேன். தேன்கனிக்கோட்டை ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கணும் என்றாள். கான்ட்ராக்டில் இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆக்குகிற லிஸ்டில் அவள் பேர் இருக்கிறதாம். பள்ளிக்கூட சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது. அவர்கள் ஊரிலிருந்து கம்பெனியில் பெர்மனென்ட் ஆகிற முதல் பெண் அவள்தானாம்.

"வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"புழு வளக்கறோம் மேடம். நல்லா வந்திருக்கு இந்தத் தடவ. மூணாவது தோல் உரிச்சாச்சு."

பின்னால் பர்சனல் ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. எனக்கு அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

சென்டருக்கு வந்து ஸ்லைடைப் பார்த்தேன். பொட்டாஷ் ஒரு சொட்டு விட்டுக் கொஞ்சம் சூடு காட்டினால் சதை கரைந்துவிடும், பூசணம் மட்டும் நிற்கும். நின்றது. நூல் நூலாக, கிளை விட்டு, சதைக்குள் நன்றாக ஊடுருவியிருந்தது. பூசணம்தான், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நூலை வைத்து இன்ன ஜாதி என்று சொல்ல முடியாது. வித்தைப் பார்க்க வேண்டும். வித்து வேண்டுமென்றால் தட்டில் வளர்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும், உறைவதற்கு அகாரும் போட்டுக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி, சுரண்டியதைத் தடவி மூடி வைத்தேன். எங்கே? அதே மேசையில். காலையில்தான் ஒரு விவசாயி சுண்ணக்கட்டுப் புழுவைக் காகிதத்தோடு கொட்டிவிட்டுப் போயிருந்தார். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அங்கேயேதான் தட்டுகளைத் திறந்தேன்.

சில நாளில் தட்டு வெளுத்தது. மாவு மாவாக. மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குட்டிக் குட்டி உருண்டை வித்துகள், கொத்துக் கொத்தாக. தினம் பார்க்கிற முகம்! பத்து நிமிஷத்தில் முடிவு கட்டிவிட்டேன். சுறாவுக்குச் சுண்ணக்கட்டு. இதை இதுவரை யாராவது கண்டுபிடித்திருப்பார்களா என்று ஒரு பூரிப்பு. டைப்ரைட்டரை நானே இழுத்துப் போட்டு, சென்டர் லெட்டர்பேடில் ரிப்போர்ட் அடித்தேன். பட்டுப்புழுவைத் தாக்கும் சுண்ணக்கட்டுப் பூசணம் என்று முதல் வாக்கியம். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டிலிருந்து, தொட்டியைக் கையாளும் ஆள் மூலமாக வந்திருக்க வாய்ப்பு உண்டு என்று இரண்டாவது வாக்கியம். யார் கேட்டார்கள் என்னை? எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள நானாக எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, வந்த டிரைவரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பேச்சு மூச்சு இல்லை. பிறகு மறுபடி கார் வந்தது. முதல் சுறா செத்துவிட்டது, இரண்டாவதுக்கும் வெள்ளை வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். தொட்டிப் பக்கத்தில் அந்தப் பெண் இல்லை. தோட்ட வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொண்ணு எங்கே, லீவா என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாதுங்களா? உங்க காகிதம் வந்த அன்னிக்கே நிறுத்திட்டாங்க. ஷிப்ட் விடற நேரம் பாத்து கேட்ல நிக்க வச்சு, பர்சனல் சார் அந்தக் காகிதத்தைச் சத்தமாப் படிச்சாரு. வீட்டுல புழு வளக்கறவங்க இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்னு எல்லாருக்கும் சேத்துச் சொன்னாரு. பாவம், அந்தப் புள்ள அழுவக்கூட இல்ல. நின்னுச்சு. அப்பறம் போயிருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்றால் அப்படி இப்படி இல்லை. நேராக பர்சனல் ஆபீசர் ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

"வாய்ப்பு உண்டுன்னுதானே சார் எழுதியிருந்தேன்? உறுதின்னா எழுதினேன்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார். "உக்காருங்க மேடம், ஏன் டென்ஷன்? எங்களுக்கு வாய்ப்பே போதும். கான்ட்ராக்ட் லேபர்தானே, என்கொயரி எல்லாம் வேண்டியதில்ல. எம்.டி. சுறாவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டார். காரணம் காட்டணும். நீங்க காட்டிக் குடுத்தீங்க."

காட்டிக் கொடுத்தீர்களாம்! எவ்வளவு சுலபமாகச் சொன்னார் பாருங்கள். அவர் அதைத் திட்டுவதாகக்கூட நினைத்துச் சொல்லவில்லை, எனக்கு நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று போனவள், கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஹாலுக்குத் திரும்பி வந்து தொட்டி முன்னால் நின்றபோதுதான் மண்டையில் ஏறியது. அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. அப்போது இரண்டாவது சுறாவுக்கு ஒன்றுமே இல்லை. அவள் கையால்தான் வந்தது என்றால், அவள் இல்லாத தொட்டியில் இப்போது எப்படி வந்தது? ஏற்கெனவே வந்து உள்ளுக்குள் இருந்திருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை எனக்குத் தெரியும். செய்த தப்பைப் பூசி மெழுகப் பார்க்கிற மனசு அது.

சென்டருக்கு வந்து பழைய தட்டுகளைத் தேடினேன். தடவிய தட்டுகளைக் கழுவிவிட்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு ஊற்றியதில் ஒரு தட்டு மீந்திருந்தது. அதில் எதையும் தடவவில்லை. மற்றதோடு சேர்த்துத் திறந்து, தேவையில்லை என்று மூடி, அலமாரி மேல் போட்டது. எடுத்துப் பார்த்தேன். வெள்ளை. மாவு மாவாக. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உருண்டை வித்துகள், கொத்துக் கொத்தாக. சுறாவின் வாடையே படாத தட்டில் சுண்ணக்கட்டு உட்கார்ந்திருந்தது! அது என் மேசையின் பூசணம். என் காற்றில் பறந்த பூசணம். விவசாயி கொட்டிய புழுவிலிருந்து என் தட்டில் விழுந்ததை, ஒரு பெண்ணின் சேலையிலிருந்து விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் வருஷப் பாடம் இது. எதையும் தடவாத தட்டு ஒன்றைக் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு பூச்சி முட்டைக்கு, அது கெட்டதா நல்லதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நெருப்பில் போடச் சொல்லுவேன். ஒரு மனுஷியின் வேலைக்கு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் கார் அனுப்பினார்கள் என்ற மிதப்பில்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். சென்டர் பக்கமே போகவில்லை. வீட்டில் குக்கரில் வேகவைத்துத் தட்டுகளைத் தயார் செய்தேன். ஸ்பிரிட் விளக்கு எடுத்துக்கொண்டு ஹாலுக்கே போய், சுடர் பக்கத்திலேயே திறந்து, தடவி, பிளாஸ்திரி ஒட்டி மூடினேன். சும்மா திறந்து மூடிய தட்டுகளும் கூடவே வைத்தேன். தோட்டக்காரப் பெரியவர்தான் சுறாவைப் பிடித்துக் கொடுத்தார். பயந்து பயந்து பிடித்தார். பிறகு ஃபில்டரைத் திறக்கச் சொன்னேன். இன்ஜினியர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை.

திறந்தால் உள்ளே காட்டன் வேஸ்ட்! மெஷின் ஷாப்பில் எண்ணெய் துடைப்பார்களே, அந்த நூல் கழிவு. அதைப் பந்து பந்தாக அடைத்து வைத்திருந்தார்கள். அடிப்பக்கம் கறுத்துக் கொழகொழ என்று, ஈரச் சாக்கு வாடை அடித்தது. அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித் தட்டில் தடவி மூடினேன்.

"ஃபில்டர் பஞ்சு மெட்ராஸ்லேர்ந்து வரணும் மேடம், லேட் ஆயிடுச்சு. ஸ்டோர்ல புது பேல் இருந்துச்சு. காட்டன் காட்டன்தானே?" என்றார் இன்ஜினியர். தண்ணீர் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆவியாய்ப் போன தண்ணீருக்குப் பதிலாக பாய்லர் ரூமில் கிடந்த உப்பைக் கரைத்து உப்புத் தண்ணீராகவே ஊற்றியிருக்கிறார்கள். உப்பு எங்கேயாவது ஆவியாகுமா? அது அப்படியே தொட்டியில் நிற்கிறது, மேலே மேலே உப்பு ஏறிக்கொண்டே போகிறது. சீராக ஓடுகிறதா என்று பம்பைப் பார்த்தவர்கள் ஒருத்தரும் உள்ளே கிடந்த உயிரைப் பார்க்கவில்லை. அந்தக் குளிரிலும் அந்தத் தண்ணீரிலும் நொந்து கிடந்த சுறாவின் மேல் எந்தப் பூசணம்தான் ஏறாது?

தட்டுகளை வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். என் வீட்டில் புழு வாடையே கிடையாது. ஒரு வாரத்தில், சும்மா திறந்த தட்டுகள் சுத்தமாக இருந்தன. சுறாவின் தட்டிலும் காட்டன் வேஸ்ட் தட்டிலும் ஒரே மாதிரி பஞ்சாகப் புசுபுசுவென்று வளர்ந்திருந்தது. மாவு இல்லை. வித்தைப் பார்த்தேன். அரிவாள் மாதிரி வளைந்து, நடுவில் தடுப்புத் தடுப்பாக. கல்லூரியில் செடியின் அழுகல் வேரில் பார்த்த ஜாதி. காட்டன் வேஸ்டிலிருந்துதான் சுறாவுக்கு வந்தது என்று கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் அதே பூசணம் இருந்தது, சுண்ணக்கட்டு எங்கேயும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது.

புது ரிப்போர்ட் அடித்தேன். பழைய ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே போட்டேன். காட்டன் வேஸ்ட், உப்பு, ஏசி எல்லாவற்றையும் எழுதினேன். அந்தப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் எழுதினேன். அது ரிப்போர்ட்டில் எழுதுகிற விஷயம் இல்லைதான். இருந்தாலும் எழுதினேன்.

பர்சனல் ஆபீசர் இரண்டு தடவை படித்தார். இன்ஜினியரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஃபில்டர் மேட்டர் வேண்டாமே மேடம்" என்றார் ஆபீசர். "ஃபங்கஸ்னு மட்டும் போட்டுக் குடுங்க, மருந்து என்னன்னு எழுதுங்க. அது போதும்."

"அந்தப் பொண்ணு?"

"அது முடிஞ்சுபோன ஃபைல். அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. லிஸ்ட் போர்டுல ஒட்டியாச்சு. ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்காக எங்க இன்ஜினியரை நான் மாட்டிவிட முடியுமா? நீங்க படிச்சவங்க, யோசிச்சுப் பேசுங்க."

"படிச்சு என்ன கிழிச்சேன்? அதான் ஒருத்தி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து நிக்கிறேனே!" என்று கத்தினேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. எம்.டி.யைப் பார்க்க வேண்டும் என்றேன். எம்.டி. ஊரில் இல்லை என்றார்கள். ரிப்போர்ட்டை ஆபீசர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு பிரதியை ரிஜிஸ்தர் தபாலில் எம்.டி. பேருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. எங்கள் முதலாளி மட்டும் கூப்பிட்டு, "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு, என் மானத்தை வாங்கிட்டியே" என்றார். அடுத்த வாரம் இரண்டாவது சுறாவும் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்பினேன். வேலையை வாங்கித் தர முடியவில்லை, உன் மேல் தப்பில்லை என்றாவது சொல்லிவிட்டு வரலாம் என்று. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி, வழி கேட்டு இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தேன். அவள் வீட்டை ஒருத்தர் காட்டினார். காட்டும்போதே, "அந்தச் சுண்ணக்கட்டு வூடா?" என்று கேட்டார்.

வீட்டை ஒட்டிப் புழு வளர்க்கிற கொட்டகை இருந்தது. உள்ளே ஒரு புழு இல்லை. தட்டுகளெல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. தரையில் சுண்ணாம்பு தெளித்துக் காய்ந்திருந்தது. இந்நேரம் கூடு அறுத்து விற்றுக் காசு பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை.

"புழு என்ன ஆச்சு?" என்றேன்.

"பொதைச்சாச்சு" என்றாள்.

அவள் புருஷன்தான் மீதியைச் சொன்னான். கேட்டில் படித்ததை அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டிருக்கிறார்கள். இவள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊரில் எல்லா வீட்டிலும் புழு. இவர்கள் கொட்டகையில் சுண்ணக்கட்டு இருக்கிறது, காற்றில் பறந்து நம்ம புழுவுக்கும் வரும் என்று எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். புழு நாலாவது தோலும் உரித்துத் தின்னுகிற பருவம், இன்னும் நாலைந்து நாள் போயிருந்தால் கூடு கட்டியிருக்கும். ஒரு புழுகூட வெளுக்கவில்லை, வந்து பாருங்கள் என்று இவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள்.

"மைக்ராஸ்கோப்ல பாத்த மேடமே எழுதிக் குடுத்திருக்கு, நீ என்னத்தப் பாத்தன்னு கேட்டாங்க" என்றான். "குழி வெட்டி, உசுரோட கொட்டி, மேல சுண்ணாம்பு போட்டு மூடினோம். அவதான் கொட்டினா. நான் மாட்டேன்னுட்டேன்."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தட்டு, மேசை, என் தப்பு, புது ரிப்போர்ட், அவர்கள் வாங்க மறுத்தது எல்லாவற்றையும். தலை குனிந்துகொண்டே சொன்னேன். நான் முடித்ததும் அவள் மண்ணெண்ணெய்க் கேனை நகர்த்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. சொசைட்டில பால் ஊத்தற நேரம். ஊரே அங்கதான் நிக்கும். இதை அங்க வந்து சொல்லுங்க."

போனோம். சொம்பும் கேனுமாக முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவள் முன்னால் போய் நின்று, இவங்கதான் அந்த மேடம் என்று கன்னடத்திலும் தமிழிலும் சொன்னாள். நான் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன்.

"அப்பிடிச் சொன்னா ஆகாது மேடம்" என்றாள். "கேட்ல எப்பிடிப் படிச்சாங்களோ அப்பிடிச் சொல்லுங்க. கடைசில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

கத்திச் சொன்னேன். இவங்க வீட்டுல சுண்ணக்கட்டு இல்லை, என் லேப்பில் இருந்தது, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று கத்தினேன். வரிசையில் ஒரு பெரியவர் கேனைக் கீழே வைத்தார். "அப்ப நல்ல புழுவையா பொதைக்க வச்சோம்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ஆமாம் என்றேன். நாலைந்து பேர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எழுதறதுக்கு முன்ன, எங்க வீட்டுக்கு வந்து ஒரு புழுவையாச்சும் பாத்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை என்றேன்.

"கேக்கல" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன்.